வெயிலுக்குப் போர்வை

வெப்பம் என்ற பாடத்தை இருபத்திரண்டு வருஷமாக நடத்தும் ஒருவர், தன் வீட்டுக்கு ஒரு சோலார் வாட்டர் ஹீட்டரைத் தேர்ந்தெடுக்க ஆறு வாரம் எடுத்துக்கொண்டார் என்றால் அதைப் பொறுப்பு என்று சொல்பவர்கள் உண்டு. வாத்தியாரின் மனைவி அதற்கு வேறு பெயர் வைத்திருந்தாள். பழைய மின்சார ஹீட்டர் ஓட்டை விழுந்து ஓய்ந்த நாளிலிருந்து அடுப்பில் வெந்நீர் போட்டுக் குளியலறைவரை தூக்கிப் போகிறவள் அவள்தான்.

இருப்பது இரண்டே வகை. கறுப்புத் தகட்டில் செம்புக் குழாய்களைப் பதித்து மேலே கண்ணாடி மூடியது ஒன்று. கண்ணாடி டியூப்களை வரிசையாகச் சாய்த்து அடுக்கியது இன்னொன்று. எது வேண்டும் என்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் வர வேண்டும். வாத்தியாரிடமிருந்து நாற்பது பக்க நோட்டு வந்தது. மணிக்கொரு தரம் மொட்டை மாடி ஏறி வெப்பமானியைப் பார்த்தார். மேகம் மறைத்தால் அதையும் குறித்தார். பள்ளிப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'தெர்மாமீட்டர்'. அது அவருக்குத் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

டியூப்தான் என்று முடிவான அன்று, வீட்டில் ஒழுகிய குழாயைச் சரிசெய்யக் குழாய்க்காரர் வந்தார். நோட்டை மறைத்து வைத்துக்கொண்டு, தேர்வு வைக்கிறவர் தோரணையில் வாத்தியார் அவரிடம் கேட்டார்: எந்த வகை போடலாம்? குழாய்க்காரர் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டினார்.

"உப்புத் தண்ணி சார். செம்புக் குழாய்னா அடைச்சுக்கும். டியூப் போடுங்க, கழட்டிக் கழுவிக்கலாம்."

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதி, அது சரியாகவும் இருந்துவிடுகிற மாணவன்மேல் வருமே ஓர் எரிச்சல், அது வாத்தியாருக்கு வந்தது. அந்தக் கடுப்பில், குழாய்க்காரர் படியிறங்கும்போது மாடித் தொட்டியை உயர்த்த வேண்டும் என்று சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. அதெல்லாம் தனக்குத் தெரியும் என்று அனுப்பிவைத்தார்.

அடுத்த விடுமுறை நாளில் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டார்கள். வாத்தியார் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். கோட்டின்படியே குழாயை இணைத்துவிட்டு, வேறு வீட்டில் வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். நல்ல உச்சி வெயில். வாத்தியார் வால்வைத் திறந்தார். ஒரு சொட்டு ஏறவில்லை.

குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று முதலில் முடிவு கட்டினார். ஸ்பேனரால் தட்டினார். ஓர் இணைப்பைக் கழற்றி வாய் வைத்து உறிஞ்சியும் பார்த்தார். சாப்பிடக் கூப்பிட மேலே வந்த மனைவி சற்று நேரம் நின்று பார்த்தாள்.

"ஏங்க, நம்ம தொட்டி முழங்கால் உயரத்துல இருக்கு. இது உங்க தலைக்கு மேல இருக்கு. தண்ணி எப்படிங்க ஏறும்?"

இதே கேள்வியை வாத்தியார் இரண்டு மதிப்பெண்ணுக்குப் பலமுறை கேட்டிருக்கிறார். தப்பாக எழுதியவனைப் பெஞ்சுமேல் நிறுத்தியும் இருக்கிறார். இப்போது ஏறி நிற்க மாடியில் பெஞ்சு இல்லை.

மானத்தைக் காப்பாற்ற ஒரே வழி, வாளியில் மொண்டு ஊற்றி நிரப்புவது. எந்தத் துளையில் ஊற்றுவது என்பது மட்டும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் குழாய்க்காரருக்கு போன் போட்டார்.

"ஊத்திடாதீங்க சார். வெறும் டியூப் வெயில்ல நெருப்பாக் கிடக்கும். பச்சைத் தண்ணி பட்டா படபடன்னு வெடிச்சுடும். போர்வையப் போட்டு மூடி வைங்க. காலையில வர்றேன்."

வீட்டிலிருந்த போர்வைகள் எல்லாம் மேலே போயின. போதாமல் ஜன்னல் திரையும் போயிற்று. காற்று ஒரு முனையைத் தூக்கினால் மனைவி பிடித்தாள். மறுமுனையை வாத்தியார் பிடித்தார். ஆறு வாரம் வெயிலை எப்படிப் பிடிப்பது என்று கணக்குப் போட்டவர், அது உள்ளே வந்துவிடாமல் காவல் காத்தார். எதிர் மாடியில் துணி எடுக்க வந்தவர், போர்வை துவைத்தீர்களா என்று கேட்டார். உள்ள பதில்களில் அதுதான் மரியாதையானது என்று தோன்றவே, வாத்தியார் ஆமாம் என்றார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் வாத்தியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் வெயில் ஏறுமுன் குழாய்க்காரர் வந்தார், கூடவே ஓர் ஆளும் ஓர் இரும்புத் தாங்கியும். தாங்கி அதற்குள் எப்படித் தயாரானது என்று வாத்தியார் கேட்டார். ஒழுகிய குழாயைப் பார்க்க வந்த அன்றைக்கே கண்ணளவாகப் பார்த்துச் செய்யச் சொல்லிவிட்டாராம். "எப்படியும் கூப்பிடுவீங்கன்னு தெரியும் சார்."

தொட்டியைக் காலிசெய்து தாங்கிமேல் ஏற்றினார்கள். வாத்தியார் ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஒரு யோசனையும் சொல்லவில்லை. டியூப்கள் தண்ணீரைக் கடகடவென்று குடித்தன. மத்தியானம் குளியலறைக்குள் போன மனைவி முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை.

எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கச் சாயங்காலம் வந்த குழாய்க்காரர், டியூப்களின் அடிமுனையில் வெள்ளிபோல் மின்னிய பூச்சைக் காட்டினார்.

"இது வெளுத்துட்டா டியூப் செத்துப்போச்சுன்னு அர்த்தம். ஏன்னு மட்டும் எனக்குப் புரிஞ்சதே இல்ல. நீங்க சொல்லுங்க சார்."

வாத்தியார் வழக்கம்போல் தொண்டையைக் கனைத்தார். பிறகு குனிந்து அந்த முனையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"தெரியலையே," என்றார்.