ஜவ்வரிசி நாட்கள்

வைத்தியர் அப்யங்கர் சுலபாவின் நாடியை விட்டுவிட்டு அவள் கணவர் திகம்பரைப் பார்த்தார்.

"அதிமதுரம் குடுத்தேன், சதாவரி குடுத்தேன். வாரத்துல அஞ்சு நாள் நான் தீயை அணைக்கிறேன். ரெண்டு நாள் விரதம்னு சொல்லி இந்த அண்ணி விறகு வைக்கிறாங்க. நான் என்னதான் பண்றது?"

"பச்சைத் தண்ணியோடவா இருக்கேன்? விரதத்துக்கு ஆகுற ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிடுறேனே" என்றாள் சுலபா.

"பொழுது சாயுற வரைக்கும் வெறும் வயித்துல டீ. அப்புறம் ஜவ்வரிசி, வேர்க்கடலை, பச்சை மிளகாய். உங்க விரதத்தைச் சாமி ஒரு நாள் இருந்து பார்த்தா அவருக்கே புளியேப்பம் வரும். சாத்தாரா டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துக் குடல்புண்ணுன்னு எழுதியிருக்கார். அவர் மாத்திரையும் சரி, என் சூரணமும் சரி, நேரத்துக்குச் சாப்பிடுற வயித்துலதான் வேலை செய்யும்."

"ரிஷிகேஷ் வந்து என் கையால சாப்பிடட்டும். அன்னைக்கே விட்டுடறேன்."

மூன்று வருடங்களுக்கு முன்பு மகன் ரிஷிகேஷ் தன் மனைவியை முதன்முதலாக வாயி ஊரிலிருக்கும் இந்த வீட்டுக்கு அழைத்து வந்தான். வேறு சாதிப் பெண். சுலபா அவளுக்கு மட்டும் தட்டைத் தள்ளி வைத்தாள். மகன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, மனைவியோடு வெளியேறினான். மறுநாளே சுலபா, மகன் திரும்பி வரும்வரை செவ்வாயும் சனியும் விரதமிருக்க வேண்டிக்கொண்டாள்.

திகம்பர் தினமும் மாலையில் மல்லி விதையை ஊற வைப்பார். விடிந்ததும் அந்த நீரை வடிகட்டி, கற்கண்டு கலந்து, ஊறிய கருந்திராட்சையோடு அவளிடம் நீட்டுவார். "பையன் கூப்பிட்டானா?" என்று அவள் கேட்பாள். "லீவு கிடைக்கலையாம். உன்னை விசாரிச்சான்" என்பார். மருந்தையும் பொய்யையும் ஒரே கையால் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை மதியம் அடுப்பில் வேர்க்கடலை கருகிக்கொண்டிருந்தது. சுலபா மேடையைப் பிடித்தபடி வயிற்றை அழுத்திக் குனிந்து நின்றாள். திகம்பர் அடுப்பை அணைத்தார்.

"அவன் வரமாட்டான், சுலபா."

"உங்க வாயால அப்படிச் சொல்லாதீங்க."

"அவனே சொன்னான். இனிமே கூப்பிடாதீங்க அப்பா, அம்மா வச்ச தட்டை மறக்க முடியலைன்னான். அப்புறம் நம்பரையும் மாத்திட்டான்."

"எப்போ?"

"போன தீபாவளிக்கு."

அவள் மெல்லக் கணக்குப் பார்த்தாள். "சங்கராந்திக்கு, அம்மாவுக்கு எள்ளுருண்டை ஒத்துக்குதான்னு கேட்டதா சொன்னீங்களே?"

"அது நான் சொன்னது."

"பிறந்தநாளுக்கு?"

அவர் வாணலியை இறக்கி வைத்தார். அவள் கருகிய கடலையைக் குப்பையில் கொட்டினாள்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவளே சாதத்தில் நெய் விட்டு, சுரைக்காய்க் கூட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். மீதி ஜவ்வரிசி அடுத்த வீட்டுக்குப் போனது.

இரண்டு மாதத்தில் எரிச்சல் அடங்கியது. "சதாவரி கை விடல, பார்த்தீங்களா?" என்று வைத்தியர் பூரித்துப்போனார். சுலபா கை கூப்பினாள்.

அன்று மாலை திகம்பர் மல்லி விதை டப்பாவை எடுத்தபோது அவள் சொன்னாள்:

"இனி எதுக்குங்க? எல்லாம் சரியாயிடுச்சே."

அவர் கேட்காதவர்போல இரண்டு கரண்டி அள்ளித் தண்ணீரில் போட்டார். காலையில் அந்த டம்ளரை நீட்டினார். அவள் வாங்கிக் குடித்தாள். வழக்கமான அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவள் கேட்பதற்காக அவர் வெகுநேரம் அங்கேயே நின்றார்.