திங்கட்கிழமை விடுப்பு

பெத்தெரி நல்ல மனிதன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தொல்லையே அதுதான். எங்கள் தொழிற்சாலையின் நிர்வாகி அவன். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை, யாரையும் இதைச் செய் என்று சொன்னதில்லை. 'யோசிச்சுப் பாரு' என்பான், 'உனக்கு எது தோதோ அது' என்பான். கடைசியில் அவனுக்கு வேண்டியது நடந்திருக்கும். நாமாக ஆசைப்பட்டுச் செய்ததுபோல் நமக்கே தோன்றும்.

நாங்கள் தைப்பது தொட்டில்கள். குழந்தைகளுக்கானவை அல்ல, படுக்கையை விட்டு எழ முடியாத முதியவர்களுக்கானவை. தடித்த துணி, நான்கு பட்டைகள், ஒவ்வொரு பட்டையின் நுனியிலும் ஒரு வளையம். வளையங்களை இயந்திரத்தின் கொக்கிகளில் மாட்டி, ஆளைப் படுக்கையிலிருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் இறக்குவார்கள். வளையத்தின் தையல் பிரிந்தால் ஆள் கீழே. அந்த வயதில் இடுப்பெலும்பு உடைந்தால் பெரும்பாலும் திரும்ப எழுவதில்லை. தரம் பார்ப்பது என் பொறுப்பு. என் கையெழுத்து இல்லாமல் ஒரு தொட்டில்கூட வாசலைத் தாண்டக்கூடாது.

சோதனை அறையில் எஸ்கோ இருக்கிறான். இருபது வருடமாக என்னோடு வேலை செய்கிறான், அடுத்த வசந்தத்தில் ஓய்வு பெறுகிறான். அவனிடம் ஒரு பெரிய மணல்மூட்டை உண்டு. முன்பு எங்கள் ஊரில் இருந்த பாதிரியாரின் பருமனை நினைத்து யாரோ அதற்குப் பாதிரியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தொட்டில்களைக் கொதிக்கக் கொதிக்கத் துவைத்து, பாதிரியாரை உட்கார வைத்துத் தூக்கிப் பார்ப்பதுதான் அவன் வேலை.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டான்.

"பாதிரியார் விழுந்துட்டாரு," என்றான்.

"எந்த நூலு?"

"புதுசு. துவைக்காம தூக்குனா நிக்குது. துவைச்சுத் துவைச்சு எடுத்தா தையல் வழுக்கிக்கிட்டு வருது. நீயே பாரு. நான் சொன்னா கெழவனுக்குக் கண்ணு மங்கிப்போச்சும்ப."

பார்த்தேன். வளையம் சத்தமில்லாமல், அவசரமில்லாமல் பிரிந்தது. பாதிரியார் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். இன்னொன்றை மாட்டினான், அது நின்றது. அடுத்தது நிற்கவில்லை.

பக்கத்து நகரத்தின் முதியோர் இல்லங்களுக்கான தொட்டில்களை அந்தப் புது நூலிலேயே தைத்து, கட்டி, அடுக்கி வைத்தாயிற்று. திங்கட்கிழமை வண்டி வருகிறது. பழைய நூல் வந்து சேர மூன்று வாரம் ஆகும். அதற்குள் நகராட்சிக்காரர்கள் வேறு இடம் பார்த்துவிடலாம், தையல் பிரிவுப் பெண்களைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்ப வேண்டிவரலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். பெத்தெரியிடம் போய்க் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

அவன் கோபப்படவில்லை. "எல்லாரும் அவ்வளவு சூட்டுலயா துவைக்கப் போறாங்க?" என்றான்.

"முதியோர் இல்லத்துல வேற எப்படித் துவைப்பாங்க, பெத்தெரி?"

"சரி சரி. வெள்ளிக்கிழமை எல்லாரும் சவுனாவுக்குத்தான வர்றோம். அங்க நிதானமா யோசிக்கலாம்."

ஏரிக்கரையில் தொழிற்சாலைக்குச் சொந்தமாக ஒரு குடில் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை எல்லோரும் அங்கே போவோம். அதிலுள்ள சவுனா, பலகைகளில் அம்மணமாக உட்கார்ந்து, சூடான கல்லில் தண்ணீர் வீசி, ஆவியில் குளிக்கும் அறை. அங்கே பெண்கள் முறை முதலில், ஆண்கள் முறை பிறகு. பெண்களுக்குத் தலைமுடி காய நேரம் வேண்டுமாம், அதற்காக இந்த ஏற்பாடாம். எவ்வளவு அக்கறை பாருங்கள். நாங்கள் தலை துவட்டி, நெருப்பில் சாசேஜ் இறைச்சி வாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கையில் உள்ளே ஆண்கள் முறை நடக்கும். கதவு திறந்து அவர்கள் சிவந்துபோய், ஈரத்தோடு வெளியே வரும்போது ஏதாவது ஒன்று முடிவாகியிருக்கும். அந்த மலிவான புது நூலை வாங்குவதென்று போன வருடம் முடிவானதும் அப்படித்தான். நான் கையில் சாசேஜுக்குத் தொட்டுக்கொள்ளும் கடுகு விழுதோடு நின்று அதைத் தெரிந்துகொண்டேன்.

சவுனாவில் வேலை பேசக்கூடாது என்பது எங்களுக்குப் பொதுவான விதி. ஆண்கள் அதைச் செருப்போடு சேர்த்து வெளியே கழற்றிவிட்டுப் போவார்கள். ஆனால் இன்னொரு விதியை யாரும் மீறுவதில்லை. காகிதத்தில் எழுதிக் கொடுத்ததை மீறினால் வக்கீல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அம்மணமாக உட்கார்ந்து கொடுத்த வாக்கை மீறினவனை ஊரில் ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள்.

அன்று எங்கள் முறையில் தையல் பிரிவைக் கவனிக்கும் இர்மெலிதான் அந்த முதல் விதியை உடைத்தாள். மேல்பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கல்லைப் பார்த்தபடியே பேசினாள்.

"போட்டுத் தொலையேன், மெர்யா. என் பொண்ணுங்க வீட்ல குந்திக்கிட்டு என்ன பண்ணுவாங்க?"

"யாராவது விழுந்தா?"

"ஏன் விழணும்? நர்ஸ் கூடவே இருப்பால்ல, புடிச்சுக்குவா."

"உங்கம்மா இருந்த முதியோர் இல்லத்துல எத்தன நர்ஸ் இருந்தாங்க?"

இர்மெலி ஒரு கரண்டித் தண்ணீரைக் கல்லில் வீசினாள். ஆவி எழுந்து காதைச் சுட்டது.

பிறகு ஆண்கள் உள்ளே போனார்கள். பெத்தெரி, விற்பனையைப் பார்க்கிறவன், கிடங்கு ஆட்கள் இரண்டு பேர், கடைசியாக எஸ்கோ. நான் நெருப்பருகே உட்கார்ந்தேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பெத்தெரியின் குரல் மெதுவாகக் கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை, பிறகு மறுபடி அவன் குரல். கிடங்கு ஆட்கள் இருவரும் வெளியே வந்து ஏரியில் குதித்தார்கள், திரும்ப உள்ளே போகவில்லை. பேச்சுக்குத் தேவையில்லாதவர்கள் வெளியே வந்தாயிற்று என்று புரிந்தது. நான் எழுந்து உடை மாற்றும் அறைக்குப் போய்த் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தேன்.

"எங்க போற?" என்றாள் இர்மெலி.

"உள்ள."

"பைத்தியமா உனக்கு? அவங்க முறை."

"தெரியும்," என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

பெத்தெரி மேல்பலகையில் இருந்தான், அவன் பக்கத்தில் விற்பனைக்காரன். எஸ்கோ மட்டும் கீழ்ப்பலகையில், முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டு, தண்டனை கொடுத்து உட்கார வைத்த பள்ளிப் பையனைப்போல. விற்பனைக்காரன் வாளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"என்ன மெர்யா, வழி தவறி வந்துட்டியா?" என்றான்.

"இல்ல. பேசிக்கிட்டிருந்தீங்கள்ல, பேசுங்க. நானும் கேக்கறேன்."

மேலே ஏறி உட்கார்ந்தேன். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும், கோபமாவது வந்திருக்க வேண்டும். எதுவும் வரவில்லை. பல் வைத்தியர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடையதோபோல் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. சூடுகூட உறைக்கவில்லை.

கடைசியில் பெத்தெரிதான் வாய் திறந்தான். அவன் குரலில் உண்மையான பரிவு இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன்.

"உன்னை யாரும் எதுவும் பண்ணச் சொல்லல, மெர்யா. உன் மனசுக்கு ஒப்பாததை நான் கேக்கவே மாட்டேன். உனக்குக் கோடை லீவு இன்னும் பாக்கி இருக்குல்ல? திங்கக்கிழமை ஒருநாள் எடுத்துக்க. காட்டுல பழம் பழுத்துக் கெடக்கு, போய்ப் பறி."

"நான் இல்லாதன்னிக்கு எஸ்கோதான் கையெழுத்துப் போடணும்."

"விதி அப்படித்தான் இருக்கு."

நான் கீழே பார்த்தேன். எஸ்கோவின் முதுகும் கழுத்தும் மட்டும் தெரிந்தன.

"எஸ்கோ?"

"சொல்லிட்டேன்," என்றான் தரையைப் பார்த்து.

"என்ன சொல்லிட்ட?"

"சரின்னு."

"பாதிரியார் விழுந்தத எனக்குக் காட்டுனதே நீதான்."

"ஆமா."

அவ்வளவுதான். பெத்தெரி கல்லில் தண்ணீர் ஊற்றினான். சீறிக்கொண்டு ஆவி வந்தது. நாங்கள் நான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். முதலில் எழுந்து போகிறவர் தோற்றவர் என்பதுபோல் எல்லோரும் உட்கார்ந்தே இருந்தோம். எனக்குத் தோற்பதில் ஆட்சேபணை இல்லை, அதனால் நான் எழுந்தேன்.

"திங்கக்கிழமை நான் வேலைக்கு வர்றேன்," என்றேன். "என் மேசையிலதான் இருப்பேன்."

வெளியே வந்தபோது என் சாசேஜ் கரிந்திருந்தது. இர்மெலி அதை எனக்காகத் திருப்பிப் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழம் பறிக்கப் போனேன், அவன் சொன்னதற்காக அல்ல, வருடா வருடம் போவதுதான். வாளி நிறைந்தது. என்ன நினைத்தேன் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. போகாமல் இருந்துவிடலாமே என்று ஒருமுறை தோன்றியது. ஒரே ஒருநாள். நான் பொய் சொல்ல வேண்டியதில்லை, பேனாவைத் தொட வேண்டியதில்லை, காட்டில் குனிந்து நின்றால் போதும். பெத்தெரியின் ஏற்பாட்டில் எங்கே பிடித்தாலும் முள் குத்தாது.

திங்கட்கிழமை போனேன். வண்டி வாசலில் நின்றது, ஓட்டுநர் காபி குடித்துக்கொண்டிருந்தான். பெத்தெரி என் அறைக்கு வந்தான்.

"வந்துட்டியா."

"வந்துட்டேன்."

"யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தான். "சரி," என்றான். பிறகு வாசலுக்குப் போய் ஓட்டுநரிடம் ஏதோ சொன்னான். காலி வண்டி திரும்பிப் போனது. ஒரு வாரமாக எல்லோரையும் அலைக்கழித்த விஷயம், ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் முடிந்துவிட்டது.

நகராட்சிக்காரர்கள் கேட்டிருந்த தொட்டில்களில் பாதியை ரத்து செய்தார்கள். பழைய நூல் வரும்வரை தையல் பிரிவு மூடிக் கிடந்தது. என்னோடு யாரும் சண்டைக்கு வரவில்லை, எங்கள் ஊரில் அப்படி வருவதில்லை. காபி அறையில் என் இரண்டு பக்கத்து நாற்காலிகளும் காலியாக இருந்தன, அவ்வளவுதான். திரும்பி வந்த பெண்கள் என்னைக் கண்டால் தலையசைத்தார்கள், இர்மெலி அதுவும் இல்லை. பெத்தெரி மட்டும் முன்பைப்போலவே வணக்கம் சொன்னான், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டான். சரியானதைச் செய்தால் மனசு நிறையும் என்கிறார்கள். எனக்கு ஒன்றும் நிறையவில்லை. காலையில் போனேன், மாலையில் வந்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன்.

எஸ்கோ என் முகத்தைப் பார்க்காமலே வேலை செய்தான். முடிவுகளை மேசையில் வைத்துவிட்டுப் போவான். பழைய நூலில் தைத்த முதல் தொகுதியைச் சோதித்த அன்று நானே அவன் அறைக்குப் போனேன். பாதிரியார் தொங்கிக்கொண்டிருந்தார், அசையவில்லை. நான் திரும்பும்போது எஸ்கோ கதவைச் சாத்தினான்.

"ஒண்ணு கேக்கணும்," என்றான்.

"கேளு."

"அன்னிக்கு நீ லீவுல போயிருந்தா நான் போட்டிருப்பேனா?"

நான் பாதிரியாரைப் பார்த்தேன்.

"வாயால சரின்னேன், இல்லேங்கல. ஆனா காயிதம் முன்னால வந்திருந்தா கை நின்னிருக்கும்னு தோணுது. கொஞ்ச நேரம் கழிச்சு, நின்னிருக்காதுன்னு தோணுது. பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லல. நீ வந்து உக்காந்துட்ட, இனிமே எனக்குத் தெரியவே போறதில்ல. உனக்கு என்னைத் தெரியும். நீ சொல்லு."

அவன் முகம் சாம்பல்போல் இருந்தது. கோடைக்குப் பிறகு மெலிந்திருந்தான், நான் அதை அன்றுதான் கவனித்தேன்.

எனக்குத் தெரியும். இருபது வருடத்தில் சொன்ன சொல்லை அவன் ஒருமுறைகூட மீறியதில்லை. திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்திருப்பான். பிறகு அன்று முழுக்கச் சாப்பிட்டிருக்க மாட்டான். இரண்டும் நடந்திருக்கும். தொட்டில்கள் போயிருக்கும்.

"போட்டிருக்க மாட்ட, எஸ்கோ," என்றேன்.

"நெசமா?"

"நெசமா."

மூச்சை விட்டான். தலையை ஆட்டினான். கைகளைத் துடைத்துக்கொண்டு, வெகுநாளைக்குப் பிறகு காபி அறைப் பக்கம் போனான். நான் பாதிரியாரோடு அங்கேயே நின்றேன்.

சோதனையில் விழுந்த ஒன்றை நான் 'சரி' சொல்லி அனுப்பியது அந்த ஒருமுறைதான்.