என் முதல் ஓட்டு

அன்று காலையும் மச்சினன் குளியலறைக்குள் போய் இருபது நிமிஷம் ஆகியிருந்தது. நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நின்றேன். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன் நான். ஏழரைக்கு முதல் கட்டடத்தில் நிற்க வேண்டும். என் மனைவியின் தம்பியோ, இந்த நாட்டில் தங்குவதற்கு அனுமதி கேட்டு மனுப் போட்டுவிட்டு ஆறு மாதமாக எங்கள் ஹாலில் படுத்திருப்பவன், உள்ளே சாவகாசமாகப் பாடிக்கொண்டிருந்தான். குளிக்காமலே கிளம்பினேன்.

அன்றுதான் தேர்தல். பதினொரு வருஷம் அலைந்து வாங்கிய குடியுரிமையில் என் முதல் ஓட்டு. வருகிறவர்களைத் தடுப்போம் என்று சொன்ன கட்சியை வீட்டில் நானும்தான் திட்டியிருந்தேன். ஆனால் மறைப்புக்குப் பின்னால் பேனாவோடு நின்றபோது உடம்பு கசகசத்தது. ஒரு ஓட்டில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று அவர்களுக்கே போட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, வெளியே வரும்போது இந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டதுபோல் நிமிர்ந்து நடந்தேன்.

அவர்கள் ஜெயித்தார்கள். நாலாவது மாதம், நிலுவையில் இருந்த மனுக்களையெல்லாம் தள்ளுபடி செய்தார்கள். மச்சினனுக்கும் கடிதம் வந்தது, நாட்டைவிட்டுப் போக இரண்டு வாரம் கெடு. ஊரில் இருந்த வீட்டை விற்றுவிட்டு வந்தவன். திரும்பிப் போய் இறங்க ஒரு வாசல் கிடையாது. மனைவி கடிதத்தை மூன்று முறை படித்தாள். "இவங்களுக்கு ஓட்டுப் போட்டவங்களுக்குக் கூடப்பிறந்தவங்களே கிடையாதா?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவன் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வருஷமாக நான் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்ட வேலை. ஊரில் உள்ள லிஃப்ட் கதவையெல்லாம் சரிசெய்கிறவன் வீட்டு லட்சணம் இது. அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். பிறகு திருகாணியை முடுக்கியபடியே, "எல்லாருமா நம்மள வேணாம்னு சொன்னாங்க, அத்தான்? நீங்க ஒருத்தராவது எனக்காகப் போட்டீங்கல்ல. அது போதும்" என்றான்.

"தாழ்ப்பாள் சரியா விழுதா, பாரு" என்றேன்.

ஒருமுறை போட்டுத் திறந்து காட்டினான். சத்தமே வரவில்லை.

அவனை விமானம் ஏற்றிவிட்டு வந்த மறுநாள் காலை, ஏழு மணிக்குத் துண்டோடு போய் நின்றேன். கதவு ஒருக்களித்துக் கிடந்தது, உள்ளே விளக்கு இல்லை. சமையலறையிலிருந்து வந்த மனைவி என்னைக் கடந்துபோய், திரும்பிப் பார்த்தாள்.

"உள்ள யாரும் இல்லையே. ஏன் நிக்கிறீங்க?"