செவுளைப் பாக்காம சொல்லாதீங்க

நான் கோவிந்தம்மா. ஊரூர் குப்பத்துல மீன் கடை வெச்சிக்கினு கீறேன். என் பொண்ணு காவேரி வானத்துல பொட்டு தேடுறா. சிரிக்காதீங்க, அதான் அவ வேல.

செத்துப்போன ரெண்டு நட்சத்திரம் எங்கியோ மோதிக்கிச்சுன்னா அந்த அதிர்வு பூமி வரைக்கும் வருமாம். அத புடிக்கிற மிஷினு எந்தப் பக்கம்னு சொல்லுமே தவிர, எந்த எடம்னு சொல்லாது. ஒடனே சிலி நாட்டு மலை மேல கீற பெரிய டெலஸ்கோப்பு அந்தப் பக்கம் மொத்தத்தையும் படம் புடிக்கும். பழைய படத்தையும் புது படத்தையும் பக்கத்துல வெச்சு, புதுசா மொளச்ச பொட்ட, அதான் மோதுன வெளிச்சத்த, பொறுக்கணும். நமக்குப் பகல்னா அங்க ராத்திரி. சீக்கிரம் பாக்கலன்னா மங்கிப் பூடும்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம, கடையில நல்ல கூட்டம். ஒத்தாசைக்கு வந்திருந்த காவேரி, அதிர்வு வந்துச்சுன்னு ஃபோன் அடிச்சதும் கைய கழுவிக்கினு ஐஸ் பெட்டி மேல லேப்டாப்ப வெச்சு குந்திட்டா. ரெண்டு மணி நேரம் படம் படமா தள்ளிக்கினே இருந்தா. அப்பால என்னை இழுத்து ஒரு பொட்ட காமிச்சா. "இதாம்மா. எனக்குத் தெரியுது." கம்ப்யூட்டரு அத குப்பைன்னு தள்ளிடுச்சாம். வேலைக்கு சேந்த ரெண்டு வருஷத்துல அவளா பொறுக்குன மொத பொட்டு அது.

அவளோட பெரிய சார் கல்யாணராமன், மயிலாப்பூர்க்காரர், லைன்ல இருந்தாரு. "அது பழசும்மா. போன மாசப் படத்துலயே அங்க லேசா ஏதோ தெரியறது. விட்டுடு."

"இன்னொரு படம் எடுத்தா தெரிஞ்சிடும் சார்."

"அங்க விடியறதுக்கு ரெண்டு மணி நேரந்தான் இருக்கு. லிஸ்ட்ல இன்னும் நாப்பது இருக்கு."

"சரி சார்"னு தலைய குனிஞ்சிக்கினா. எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. நான் இன்னா வாய மூடிக்கினு இருக்கிறவளா? லேப்டாப்புகிட்ட குனிஞ்சேன்.

"சார், நான் அவங்கம்மா. இருவத்தஞ்சு வருஷமா மீன் விக்கிறேன். செவுளத் தூக்கி செவப்பா கீதான்னு பாக்காம பழசுன்னு சொல்ற ஆள நான் கடையாண்டயே நிக்க வுடமாட்டேன். ஒரு தபா பாத்துட்டு சொல்லுங்க, ஒத்துக்கிறேன்."

காவேரி மூஞ்சி செத்துப்போச்சு. லைன்ல நாலு நாட்டு ஆளுங்க பதினோரு பேரு இருந்தாங்களாம், எனக்கு இன்னா தெரியும்? அப்புறம் சார் மெதுவா, "சரிம்மா, பாத்துடலாம்"னாரு.

அப்பதான் எனக்கு ஒறச்சுது. பொட்டு பொய்யாப் போச்சுன்னா இனிமே இவ பேச்ச எவன் கேப்பான்? ஆத்தா வாயால பொண்ணு பொழப்பு கெட்டுச்சுன்னு ஆயிடுமே. வஞ்சரத்த தாறுமாறா வெட்டி திட்டு வாங்குனேன்.

முக்கால் மணி கழிச்சு புது படம் வந்துச்சு. பொட்டு எடத்த வுட்டு நகரல, அதனால வழில போற கல்லு இல்ல. பழசுன்னா அப்டியே நிக்குமாம், இது காலையில இருந்தத வுட மங்கிக்கினே வருது. போன மாசம் லேசா தெரிஞ்சது பொட்டு இல்ல, அது கீற நட்சத்திரக் கூட்டமாம். "இதான் காவேரி, இதான்"னு சார் கத்துனாரு. என் மீன் கையக்கூட பாக்காம என் பொண்ணு என்னை கட்டிக்கினா.

மறுநாள் ஊரு ஒலகத்துக்கெல்லாம் அறிவிப்பு போச்சு. எனக்கு இங்கிலீசு வராது. வாரா வாரம் சங்கரா வாங்க வர்ற மஹ்விஷ் டீச்சர்கிட்ட ஃபோன குடுத்து படிக்கச் சொன்னேன்.

"முதல் பேரே உங்க பொண்ணுதான். ஜி. காவேரி."

"ஜி இல்ல டீச்சர், ஆர். அவ அப்பன் பேரு ரங்கன்." அவ ஆறாவது படிக்கும்போதே எங்கள வுட்டுட்டு கோடம்பாக்கம் போன மனுசன். இருந்தாலும் ஸ்கூல் சர்டிபிகேட்ல அவன் பேருதான் கீது. இம்மாம் படிச்சவங்க பேர மாத்திப் போட்டுட்டாங்களேன்னு எனக்குக் கோவம். "காவேரி, ஒங்க சாருக்கு ஃபோன் போடு, நான் பேசுறேன்."

"வேணாம்மா"ன்னா அவ, சங்கராவுக்கு செதில் சீவிக்கினே. "நான்தான் போடச் சொன்னேன். 'ஜி'ன்னா கோவிந்தம்மா."