மணி அடிக்க வேண்டாம்

முதல் நாள் அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலுக்கு முதுகு காட்டி, மேசைக்குப் பின்னால் மரபணு ஆலோசகர், கண்ணாடி போட்ட நிதானமான பெண்மணி. மேசைக்கு இந்தப் பக்கம், சுவரை ஒட்டிய நாற்காலியில் ரொட்டிக்காரி. இந்த ஏற்பாடெல்லாம் அவளுக்காகத்தான். அவளுக்கு இடப்பக்கம், முழங்காலோடு முழங்கால் இடிக்க, லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் கணவன். கதவோரமாக நாற்காலியை இழுத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டு அவளுடைய அத்தை, அப்பாவின் தங்கை. உட்கார்ந்ததும் அத்தையின் கண் போனது மேசைமேல் இருந்த தொலைபேசிமேல்.

"அது அடிக்குமாம்மா?"

"அடிக்கும். ஏன்?"

"அடிக்காம வச்சா நல்லாயிருக்கும்."

ஆலோசகர் காரணம் கேட்கவில்லை. கம்பியைப் பிடுங்கி மேசைமேல் வைத்தார். அதற்கப்புறம்தான் அத்தை முதுகைச் சாய்த்தாள்.

"எங்க வீட்டுக்கு வந்து பாருங்க மேடம்," என்றான் கணவன். "கல்யாணமான புதுசுல ஒரு வாரம் பூரா நான் ஏதோ ஐ.சி.யூ.வுல படுத்திருக்கேன்னு நெனச்சேன். கதவு சாத்தற இடத்துல எல்லாம் துணி. அலாரம் கிடையாது, காலிங்பெல் கிடையாது. போனை ரெண்டு தலகாணிக்கு நடுவுல குழந்தை மாதிரி படுக்க வச்சிருப்பாங்க. நான் தும்மணும்னா தெருவுக்கு ஓடணும்."

"மாப்பிள்ளை வாயை மட்டும் அடைக்க முடியல," என்றாள் அத்தை.

ரொட்டிக்காரி சிரிக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் நடந்ததை அவள் இன்னும் மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் வேலை செய்யும் பேக்கரியில் புது அடுப்பு வந்திருந்தது. நேரம் முடிந்தால் மணி அடிக்கும் அடுப்பு. இருபது வருஷமாக வாசனையைப் பிடித்தே ரொட்டியை எடுத்தவளுக்கு அந்த மணி பழக்கமில்லை. மதிய ஓய்வில் மாவு மூட்டைகள்மேல் கண் அசந்திருந்தாள். மணி அடித்தது. அவள் எழுந்தாள், அடுப்பைத் திறந்தாள், முகத்தில் அனல் அடித்தது, தட்டுகளை எண்ணினாள், ஆறு. எல்லாம் தெளிவாக நினைவிருக்கிறது.

ஆனால் பக்கத்தில் நின்று மாவு பிசைந்துகொண்டிருந்தவள் சத்தியம் பண்ணிச் சொன்னாள்: "நீ மூட்டையை விட்டு எறங்கவே இல்லடி. மணி அடிச்சதும் கண்ணை முழிச்சே, அப்படியே வெட்டி வெட்டி இழுத்துச்சு. அடுப்பைத் தெறந்தது நான்."

தட்டுகள் மட்டும் அவள் எண்ணியபடி ஆறுதான்.

ஆஸ்பத்திரியில் இதயத்தின் ஓட்டத்தைத் தாளில் வரைந்து பார்த்தார்கள். ஒரு துடிப்பு முடிந்து அடுத்ததற்குத் தயாராக அந்த இதயம் எடுத்துக்கொள்ளும் நேரம் கொஞ்சம் நீளம் என்றார்கள். பரம்பரையாக வரக்கூடியது, மரபணுப் பிரிவில் காட்டுங்கள் என்று சீட்டு எழுதினார்கள். அந்தச் சீட்டோடு நான்கு பக்கப் படிவம் ஒன்றும் வந்தது. யார் யார் இறந்தார்கள், எந்த வயதில், எப்படி? அதை நிரப்ப அத்தை இல்லாமல் முடியாது. அதனால்தான் அத்தையும் வந்திருந்தாள்.

ஆலோசகர் பென்சிலை எடுத்தார். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். இறந்தவர்கள்மேல் ஒரு சாய்ந்த கோடு.

"இவங்க அப்பா கூடப் பொறந்தவங்கள்ல பெரியவர்?"

"எங்க பெரியண்ணன். முப்பத்தொண்ணு. புது வேலைக்குப் போற முதல் நாள். சீக்கிரம் எழுந்திரிக்கணும்னு கடிகாரம் வாங்கிட்டு வந்து அலாரம் வச்சார். அடிச்சது. நிறுத்தக் கை வரல."

ஒரு கோடு.

"அடுத்து?"

"இவ அப்பன். நாப்பத்திரெண்டு. மத்தியானத் தூக்கத்துல போன் அடிச்சது."

இன்னொரு கோடு.

"அதுக்கடுத்து..." அத்தை நிறுத்தினாள். ரொட்டிக்காரிதான் சொன்னாள். "என் தம்பி. பத்தொன்பது வயசு. எங்கக்கா கூப்பிட்டா."

பென்சில் நின்றது. "கூப்பிட்டாங்கன்னா?"

வீட்டில் யாரும் யாரையும் சத்தம் போட்டு எழுப்புவதில்லை. உள்ளங்காலைத் தடவி எழுப்புவார்கள். அப்பா போன பிறகு அத்தை போட்ட சட்டம் அது. தூங்குபவரைத் திடீரென்று கூப்பிட்டால் எழுந்து வருவது அவர் இல்லை, அவர் வேறு பக்கம் போய்விடுவார் என்பாள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, அடுப்பங்கரையில் எண்ணெய் பற்றிக்கொண்டது. அக்கா பதறிப்போய் உள்ளே ஓடி, தம்பி பெயரைச் சொல்லி அலறினாள். அவன் எழுந்து உட்கார்ந்தான். கண் திறந்திருந்தது. "இதோ வர்றேன்" என்று தெளிவாகச் சொன்னான். அப்படியே சாய்ந்தான்.

நெருப்பை ஒரு ஈரச் சாக்கு அணைத்துவிட்டது. அவ்வளவு சின்ன நெருப்பு.

"நீதான் கூப்பிட்டு அனுப்பி வச்சேன்னு அவகிட்ட நான் சொன்னேன்," என்றாள் அத்தை, கதவைப் பார்த்தபடி. "பொணம் கெடக்கும்போதே சொன்னேன்."

பதினாறாம் நாள் மூன்று வயசுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போகும்போது அக்கா ரொட்டிக்காரியிடம் மட்டும் ஒன்று சொன்னாள்: "அவன் பதில் சொன்னான்டி. ஆனா எனக்குச் சொல்லல. என்னைத் தாண்டிப் பாத்துச் சொன்னான்."

ஆலோசகர் தம்பியின் சதுரத்தின்மேல் கோடு போட்டார். அத்தை எட்டிப் பார்த்தாள். ஒரே வரிசையில் சதுரங்கள், குறுக்கே குறுக்கே கோடுகள்.

"கட்டில் போட்டுப் படுக்க வச்ச மாதிரி இருக்கு," என்றாள்.

ஆலோசகர் அவசரமே படவில்லை. ரத்தம் எடுக்கும் முன்னால் சொல்ல வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னார். பரிசோதனை கட்டாயமில்லை, வேண்டாம் என்றால் இப்போதே சொல்லலாம், பாதியிலும் சொல்லலாம். முடிவு வர இரண்டு மாதம், மூன்று மாதம்கூட ஆகும். கோளாறு இருக்கிறது, இல்லை என்று மட்டும் வராது. மாற்றம் ஒன்று தெரிகிறது, அது கெடுதலா என்று இன்னும் யாருக்கும் தெரியாது என்றும் வரலாம். இருந்தால், உடன்பிறந்தவர்களுக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கும் அப்படியே.

"ஒரு தடவை தெரிஞ்சுட்டா தெரியாத மாதிரி இருக்க முடியாது. அதனால யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க."

ரொட்டிக்காரி போட்டாள்.

"உங்களுக்கும் பாக்கலாம்," என்றார் அத்தையிடம்.

"அறுபத்தி ரெண்டு வயசாச்சு. அண்ணன் போனதுலேருந்து காலைத் தடவி எழுப்பச் சொல்லித்தான் வாழ்ந்திருக்கேன். எனக்கு எதுக்கு? வேணாம்."

"வேணாம்னா வேணாம்தான்," என்றார் ஆலோசகர். அத்தைக்கே அது ஆச்சரியம். யாராவது வற்புறுத்துவார்கள் என்று வரிந்து கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

ஒன்பது வாரம் கழித்து முடிவு வந்தது. அதே அறை, அதே நாற்காலிகள். இந்த முறை டாக்டரும் இருந்தார், ஜன்னல் திண்டில் சாய்ந்து நின்றபடி. மாற்றம் இருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாத மாற்றம். தூக்கத்தில் திடீர்ச் சத்தம் கேட்டால் இதயத்தின் தாளம் தப்பும் வகை. தினமும் போட வேண்டிய மாத்திரை இருக்கிறது, சேராத மருந்துகளின் பட்டியல் இருக்கிறது, இனி எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் காட்ட வேண்டும். ஆனால் ஒவ்வொரு மணியும் ஆளைக் கொல்லாது, வருஷக் கணக்கில் ஒன்றுமே நடக்காமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். ரொட்டிக்காரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் கேட்க நினைத்தது வேறு.

"டாக்டர், எங்கக்கா கூப்பிட்டதாலதான் தம்பி செத்தானா?"

அத்தையின் விரல்கள் பையின் வாரைப் பிடித்தன.

"அவர் இதயத்துல இந்தக் கோளாறு பொறந்ததுலேருந்தே இருந்திருக்கணும்," என்றார் டாக்டர். "அன்னிக்குக் குரல் தூண்டியிருக்கலாம். நாளைக்கே ஒரு கதவு, ஒரு லாரி ஹாரன் தூண்டியிருக்கலாம். நெருப்பைப் பாத்துக் கூப்பிட்டவங்கமேல அதுல ஒரு குத்தமும் இல்ல."

"அவன் பதில் சொன்னானே?"

"தாளம் தப்பின பிறகும் சில நொடி நினைவு இருக்கும். பேசக்கூட முடியும்."

"யாருகிட்ட பேசினான்?"

டாக்டர் அவளைப் பார்த்தார். "அது எனக்குத் தெரியாதும்மா."

ரொட்டிக்காரிக்கு மாவு மூட்டை நினைவுக்கு வந்தது. மூட்டைமேல் ஒருத்தி துடித்துக்கொண்டிருந்தபோது, அடுப்படியில் நின்று தட்டு எண்ணிய இன்னொருத்தி யார்? அவள் திரும்பி வந்துவிட்டாள். தம்பி திரும்பவில்லை.

"இப்ப அவசரம் உங்க அக்காவுக்குத்தான்," என்றார் ஆலோசகர். "அவங்களுக்குப் பொண்ணு இருக்குன்னு சொன்னீங்க."

"பதிநாலு வயசு."

"நாங்களா அவங்களைத் தேடிப்போய்ச் சொல்ல முடியாது. உங்க விஷயத்தை உங்க சம்மதம் இல்லாம யாருகிட்டயும் சொல்லக் கூடாது. உறவினருக்குன்னு ஒரு கடிதம் தர்றேன். எந்த மாற்றம், எந்தப் பரிசோதனை, எங்க போகணும்னு எல்லாம் இருக்கும். அதைக் கொண்டுபோய்ச் சேக்க வேண்டியது நீங்க."

பேருந்து நிறுத்தத்தில் கணவன் போனை எடுத்தான். அக்காவின் எண் எப்படியோ அவனிடம் இருந்தது. அவள் ஒரு துணி ஆலையில் வேலை பார்ப்பதாகக் கேள்வி.

"இப்பவே சொல்லிடலாம். எதுக்குக் கடுதாசி?"

அத்தை அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் அவன் திடுக்கிட்டான்.

"அவளுக்கு என்ன ஷிப்டு மாப்பிள்ளை?"

"ராத்திரி ஷிப்டுன்னுதான்..." அவன் வாக்கியம் பாதியில் நின்றது. மணி பதினொன்று. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ராத்திரி வேலை பார்த்தவள் இந்நேரம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருப்பாள். தலைமாட்டில் போன் இருக்கும்.

அவன் எண்ணை அழித்தான். விரல் தவறிப் பட்டுவிடுமோ என்று போனையே அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டான். அதற்கப்புறம் வீடு சேரும்வரை அவன் ஒரு கேலியும் பேசவில்லை.

ஆலையில் ஷிப்டு மாறி மாறி வரும், அக்கா எந்நேரம் தூங்குவாள் என்று இங்கே யாருக்கும் தெரியாது. நேரில் போனாலும் கதவைத் தட்ட வேண்டும். குறுஞ்செய்திக்கும் சத்தம் உண்டு. பதினொரு வருஷமாக அக்கா மணிகளுக்கு நடுவில்தான் வாழ்கிறாள் என்பதை ரொட்டிக்காரி தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆலை சங்கு, பக்கத்து வீட்டுக் குக்கர், படிக்கிற பெண்ணின் அலாரம். அலாரம் வைக்காமல் எந்தப் பெண் படிக்கும்? ஆறுதலுக்கு எண்ணத் தொடங்கியது பயத்தில் போய் முடிந்தது. பெண் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, அம்மாவைத் தாண்டிப் பார்த்து, "இதோ வர்றேன்" என்று சொல்வது காதிலேயே கேட்டது.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்தாள். கணவன் எதிரே. அத்தை ஜன்னலோரம். முன்பு எழுதிய மூன்று கடிதங்களும் பிரிக்காமலே திரும்பி வந்திருந்தன. அதனால் முதல் கேள்வி உள்ளே என்ன எழுதுவது என்பதல்ல, உறையை அக்கா எப்படிப் பிரிப்பாள் என்பதுதான்.

"வெளியிலயே எழுதிடு," என்றான் கணவன். "பெரிசா."

"நோயைப் பத்தி வெளியில எழுதக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில அந்தம்மா சொல்லியிருக்காங்க. அக்கம்பக்கம் படிக்கும்."

"நோயை யாரு எழுதச் சொன்னா? மத்ததை எழுது."

உள்ளே அவள் எழுதியது ஒரே பக்கம். தனக்கு வந்ததை, நோயின் பெயரை, மாத்திரையை, பெண்ணுக்கும் பார்க்க வேண்டும் என்பதை, அதுவரை அலாரத்தைத் தள்ளிவை என்பதை. டாக்டர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதினாள். குரல் தூண்டியிருக்கலாம் என்ற வரியை விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தாள். விட்டால் அக்கா நம்ப மாட்டாள். எழுதினாள். அடுத்த வரியில் குற்றமில்லை என்பதையும் எழுதினாள். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்று முடித்தாள்.

"எனக்கு ஒரு எடம் விடு," என்றாள் அத்தை.

"என்ன எழுதணும் அத்தை? சொல்லுங்க, எழுதறேன்."

"எனக்கு எழுதத் தெரியும்."

தாளின் அடியில் அவள் எழுதினாள். இரண்டு வரி இருக்கும். எழுதிய பக்கத்தை உள்பக்கமாக மடித்துக் கொடுத்தாள். ரொட்டிக்காரி பிரித்துப் பார்க்கவில்லை. மருத்துவமனைக் கடிதத்தோடு சேர்த்து உறைக்குள் வைத்து, பசை தடவி, ஓரம் முழுக்க நகத்தால் அழுத்தினாள். பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதினாள்: தம்பிக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சிடுச்சு அக்கா. உன்மேல குத்தம் இல்ல. முன்பக்கம், முகவரிக்கு மேலே, சிவப்பில்: மணி அடிக்க வேண்டாம். பெட்டியில் போடவும்.

தபால் நிலையத்தில் கூட்டமில்லை. எழுத்தர் உறையை எடை போட்டு, இரண்டு பக்கமும் திருப்பிப் படித்தார்.

"முக்கியமான கடுதாசி போல. பதிவுத் தபால்ல போடுங்களேன். கையில குடுத்துக் கையெழுத்து வாங்குவாங்க. போய்ச் சேந்ததுன்னு உங்களுக்கும் நிச்சயமாத் தெரியும்."

அந்த நிச்சயம் அவளுக்கு வேண்டியிருந்தது. பிரித்தாளா, கிழித்தாளா, பெட்டியில் கிடந்து மக்குகிறதா என்று தெரியாமல் எத்தனை நாள் இருப்பது?

"மணி அடிப்பாங்களா?"

"அடிக்காம எப்படி? ஆள் வெளியில வரணும்ல. எங்காளு ஒருத்தன் இருக்கான், செத்தவனைக்கூட எழுப்பிடுவான்."

அவர் தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தார்.

"சாதாரணத் தபாலே போதும்," என்றாள் ரொட்டிக்காரி.

எழுத்தர் தோளைக் குலுக்கி, தபால் தலையை ஒட்டி, முத்திரையைக் குத்தி, திரும்பிப் பாராமலே உறையை முதுகுக்குப் பின்னால் இருந்த சாக்குக்குள் போட்டார்.