மடுவம் வரைக்கும்

அளவு நாடாவின் நுனியைச் சந்தியில் நட்டிருந்த கட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரஞ்சிதம் குந்தியிருந்தாள். மறுநுனியை இழுத்தபடி பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதுசூதனன் மேலே ஏறிக்கொண்டிருந்தார். ஸ்பிரிங்வெளி பஸ் பாதையிலிருந்து பிரிந்து, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தைத் தாண்டி, மேக்கணக்கு என்ற மேல் பிரிவின் லய வீடுகள்வரை போகிற தோட்டப் பாதை அது. பதித்த கற்கள் பெயர்ந்து கிடந்தன. மழைத்தண்ணீர் நடுவில் ஓடை வெட்டியிருந்தது. காலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் அவர் பின்னால் நடந்தார்கள்.

லயங்களுக்குக் கீழே, பாதை செங்குத்தாகத் திரும்பும் வளைவில் மதுசூதனன் நின்றார். சப்பாத்தில் அப்பிய சேற்றைக் கல்லில் தேய்த்தார்.

"போன வருசம் முழுப் பாதைக்கும்தான் எஸ்டிமேட் போட்டனான்," என்றார். "வந்த காசை மூண்டு பாதைக்குப் பிரிச்சுப்போட்டினம். சீமெந்தும் விலை ஏறீட்டுது. மூண்டில ஒரு பங்குதான் போடலாம். கூலிக்குக் காசில்லை, நீங்கள்தான் வேலை செய்ய வேணும். எந்தத் துண்டைப் போடுவம் எண்டு சொல்லுங்கோ."

நலன்புரிச் சங்கத் தலைவி ராசம்மா மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் யோசிக்கவில்லை.

"இந்த வளைவத்தாங்க சேர்," என்றாள். "கீழ கெடக்குறதுல எப்படியாச்சும் வண்டி வந்துரும். இங்கதாங்க எதுவும் ஏற மாட்டேங்குது. புள்ளைங்களுக்குக் காச்சல்னாலும் தோள்ல போட்டுக்கிட்டுதான் எறங்குறோம்."

"எனக்கும் அதுதான் சரியெண்டு படுது. அப்பிடியே எழுதி அனுப்புறன்."

நாடாவைச் சுருட்டிக்கொண்டு வந்த ரஞ்சிதம் கேட்டாள்: "அப்ப ஆட்டோ ஏறுமாங்க சேர்?"

"கொங்கிரீட் போட்டால் ஏன் ஏறாது? உங்கட வீட்டில ஆட்டோ இருக்கோ?"

"இருந்துச்சுங்க."

அவர் நாடாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

அவள் புருசன் ஜெயகுமாரின் ஆட்டோவை இந்த வளைவுதான் தின்றது. ஒரு மழைக்காலத்தில் இரண்டு தடவை அச்சு உடைந்தது. வண்டி பதுளையில் கராஜில் நின்ற மாதங்களிலும் லீசிங் தவணை கட்ட வேண்டியிருந்தது. கட்ட முடியாமல் போனதும் லீசிங் கம்பனிக்காரர்கள் வந்து ஓட்டிக்கொண்டு போனார்கள். ஜெயகுமார் கொழும்புக்குப் போய்ப் புறக்கோட்டையில் அரிசிக் கடையொன்றில் மூட்டை தூக்கினான். கடைக்கு மேலேயே படுக்கை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவான். வந்த பயணக் களைப்புத் தீர்வதற்குள் திரும்பிப் போகும் நாள் வந்துவிடும். மலையில் நிற்கும்போது பஸ் பாதையில் ஆட்டோச் சத்தம் கேட்டால் ரஞ்சிதத்தின் கை கொழுந்தில் அப்படியே நின்றுவிடும். அவனாக இருக்க முடியாது என்று தெரியும். தெரிந்தும் நிற்கும்.

அன்று சாயங்காலம் ஜெயகுமார் கூப்பிட்டபோது ஃபோனில் அவனிடம் சொன்னாள்.

"நெசமாவா புள்ள?"

"சேரே சொன்னாரு. நம்ம வளைவத்தான் போடுறாங்களாம்."

"வெல்லம்பிட்டில பழைய ஆட்டோ ஒண்ணு விலைக்கு நிக்குது. பாத்து வச்சிருக்கேன். பொங்கலோட நின்னுக்குறேன்னு மொதலாளிகிட்ட சொல்லிறவா?"

"சொல்லிருங்க," என்றாள் ரஞ்சிதம்.

மழை விட்ட ஒரு வாரத்தில் மணலும் சல்லியும் வந்து இறங்கின. லொறி அவற்றைப் பஸ் பாதைச் சந்தியிலேயே கொட்டிவிட்டுப் போனது. மேலே எப்படிக் கொண்டுபோவது என்று பெண்கள் பேசிக்கொண்டிருக்கும்போது சபை உறுப்பினரின் வாகனம் வந்தது. மதுசூதனன் பின் இருக்கையிலிருந்து இறங்கினார்.

"வேல இங்கருந்துதான் ஆரம்பம்," என்றார் உறுப்பினர். "இங்கருந்து மடுவம் வரைக்கும்."

"வளைவுன்னுதானங்க பேசுனோம்?" என்றாள் ராசம்மா.

"பாதை நிக்கிற காணி தோட்டக் கம்பனியோடதும்மா. கம்பனி சம்மதம் குடுத்தாத்தான் சபை காசு செலவழிக்க ஏலும். அவங்க மடுவம் வரைக்கும்தான் குடுத்திருக்காங்க."

"மடுவத்துக்கு அவங்க கொழுந்து லொறிதானங்க வருது."

உறுப்பினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "டிசம்பருக்குள்ள முடிக்கலன்னா காசு திரும்பிப் போயிரும். வேணாம்னா இப்பவே சொல்லிருங்க. கேக்கிறதுக்கு வேற தோட்டம் இருக்கு."

ரஞ்சிதம் மதுசூதனனைப் பார்த்தாள். அவர் சல்லிக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வளைவெண்டுதான் எழுதி அனுப்பினனான், அக்கா," என்றார். "அடுத்த முறை திரும்பவும் கேட்டுப் பாப்பம். அப்ப நான் இஞ்ச இருப்பனோ தெரியாது. யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டு எழுதி நாலாம் வருசம்."

பெண்கள் ஓரமாகப் போய்ப் பேசினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட ஒருத்திக்கும் மனம் வரவில்லை. கீழே போட்டால்தானே ஒருநாள் மேலே வரும் என்றாள் ராசம்மா. ரஞ்சிதமும் அதைத்தான் நினைத்தாள். அல்லது அப்படி நினைக்க முடிகிறதா என்று பார்த்தாள்.

மலையிலிருந்து இறங்கியதும் சாயங்காலங்களில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததிலிருந்து வேலை. கொழுந்துக் கூடைக் கயிறு தழும்பேற்றிய தலையில் சும்மாடு வைத்து மணல் சுமந்தார்கள். சீமெந்துத் தண்ணீர் பட்டு ரஞ்சிதத்தின் விரல் வெடிப்புகள் எரிந்தன. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாள் அதே விரல்களால் கொழுந்து கிள்ளினாள். போட்ட துண்டின்மேல் ஈரச் சாக்கு விரித்து ஆள் மாறி ஆள் தண்ணீர் ஊற்றினார்கள். ஜெயகுமார் கூப்பிடும்போதெல்லாம் எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்டான்.

"வந்துக்கிட்டே இருக்கு," என்பாள்.

சாக்குகளை எடுத்த பிறகு ஒரு பின்னேரம் தோட்டத்து லொறி அந்தப் பாதையில் முதல்முறையாக வந்தது. ஆட்டமில்லாமல் ஏறி மடுவத்து வாசலில் நின்றது. ரஞ்சிதம் தன் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது ஃபோன் அடித்தது. வீடியோ அழைப்பு. ஜெயகுமாரின் முதுகுக்குப் பின்னால் கூரைவரை மூட்டைகள். அவன் புருவத்தில் தவிட்டுத் தூசி படிந்திருந்தது.

"பாதையக் காட்டு புள்ள."

அவள் ஃபோனைத் திருப்பினாள்.

"நல்லாத்தான் போட்டிருக்கீங்க," என்றான். "அப்படியே மேல போ." பிறகு, "என்ன நின்னுட்ட? வளைவக் காட்டு."

கொங்கிரீட் முடிந்த இடத்தில் ஒரு படி இறங்குவதுபோல் அவள் கால் சேற்றில் இறங்கியது. ஃபோனை முன்னால் நீட்டிப் பிடித்தாள். பெயர்ந்த கற்களும் ஓடையும் அவனுக்குத் தெரிந்திருக்கும். கம்பனி சம்மதம் கொடுத்த கதையை அவள் சொல்லி முடித்தாள்.

"எப்பருந்து தெரியும்?"

"மணல் கொட்டுன அன்னைக்கே தெரியும். நீங்க சந்தோசமா இருந்தீங்க. சொல்ல முடியல."

ஜெயகுமார் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். "மொதலாளிகிட்ட வேலைய விட்டு நிக்கப் போறேன்னு சொல்லிட்டேனே. நாளைக்குப் போயி, இருந்துக்குறேன்னு கேக்கணும். வேற ஆள் பாத்துட்டாரோ என்னவோ."

மடுவத்துக் கூரையில் தூறல் விழத் தொடங்கியது.

"நீ வீட்டுக்குப் போ," என்றான். "ஃபோன வைக்காத. முன்னாலயே புடிச்சுக்க."

அவள் நடந்தாள். வளைவு தொடங்கும் இடத்தில் அவன் குரல் மறுபடி வந்தது.

"எடது பக்கமா வா. அந்த ஓரத்துலதான் கல்லு ஆடாம இருக்கும்."

அவள் இடது ஓரத்தில் கால் வைத்தாள். கல் ஆடவில்லை.

"ம். இப்ப கொஞ்சம் உள்ளுக்கு ஹேண்டில ஒடி. போதும், போதும். நேரா வா."

கீழே, கொழுந்து ஏற்றிய லொறி புதுப் பாதையில் குலுங்காமல் இறங்கிப் போனது. ரஞ்சிதம் திரும்பிப் பார்க்கவில்லை. மழைத்துளி விழுந்த ஃபோன் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, அவனுக்குப் பாதை தெரிகிற மாதிரி ஃபோனை உயர்த்திப் பிடித்தாள்.

"மெதுவா ஏத்து," என்றான் ஜெயகுமார். "இன்னும் கொஞ்சந்தான். லயம் வந்துரும்."