இறங்காத முன்பல்

ஓரெஸ்டுக்கு மேல்வரிசையில் முன்பல் ஒன்று கிடையாது. பதினோரு வயதில், ஊருக்கு வெளியே உறைந்த குளத்தில் ஹாக்கி ஆடும்போது ரப்பர் வட்டு வந்து வாயில் அடித்ததில் போனது. அப்பா ஒரு கைப்பிடி பனியை அள்ளி அவன் வாயில் அமுக்கி, "இப்பதான்டா நீ ஆட்டக்காரன்!" என்று முதுகில் தட்டி மறுபடி ஆட அனுப்பினார். அந்த ஊரில் பல் போன இடம் பதக்கம் மாதிரி. முப்பது வருஷமாக அவன் அந்தக் கதையைச் சொல்லாத ஆள் இல்லை. அந்தக் குளம், கோலுக்கு நட்ட மரக்கட்டைகள், கரையில் ஃபிளாஸ்கோடு காத்து நிற்கும் அம்மா, எல்லாம் அதில் வரும். சொல்லும்போதே அவன் கண் பளபளக்கும்.

கேட்டுக் கேட்டு மகள் டாரினுக்கும் அது மனப்பாடம். அதுவே இப்போது வினையாக வந்து நின்றது.

ஒன்பது வயதாகியும் அவளுக்கு ஒரு முன்பல் முளைக்கவில்லை. குழந்தையில் படியில் விழுந்தபோது பால்பல் மேலேறி இடித்ததில், நிலைப்பல் ஈறுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. சாஸ்கட்டூன் நகரத்தில் பல் டாக்டர் லவாலே எக்ஸ்ரேயைக் காட்டினார்.

"வேரை உடம்பே அரிச்சுட்டிருக்கு. ஈறைத் திறந்து, அரிச்ச இடத்தைச் சுத்தம் பண்ணி அடைக்கணும். அப்புறம் பல்லுல பொடிச் சங்கிலி ஒட்டி மெதுவா கீழே இழுக்கணும். மாசக்கணக்கா ஆகும். நிலைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா விட்டா பல்லு போயிரும்."

"போகட்டும், புடுங்கிருங்க," என்றாள் டாரின். "நானும் அப்பா மாதிரி ஆயிருவேன்ல?"

டாக்டர் ஓரெஸ்டைப் பார்த்தார். "அவ ஒத்துழைக்காம என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

வேறு நாளாக இருந்தால் ஓரெஸ்டுக்குப் பெருமையில் தலைகால் புரிந்திருக்காது. இப்போது நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான். அந்தக் கதையின் மிச்சத்தை அவன் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

"குளத்துக் கதையில இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கும்மா."

"என்னது, இன்னொரு பல்லும் போச்சா?"

"அந்த ஈஸ்டருக்கு எங்கம்மா புதுசா கேமரா வாங்கினாங்க. என்னை நிக்க வச்சு, சிரிடா சிரிடான்னு கெஞ்சினாங்க. ஓட்டை தெரியுமேன்னு வாயை இறுக மூடிக்கிட்டேன். வெக்கமா இருந்துச்சு."

"நீயா? வெக்கமா?"

"நானேதான். பசங்ககிட்டதான் பீத்திக்கிட்டேன்."

"பாட்டி திட்டினாங்களா?"

"இல்ல. சரி, அடுத்த தடவை சிரின்னாங்க. அறுவடை வர்றதுக்குள்ள தவறிப் போயிட்டாங்க."

டாரின் அவன் வாயையே பார்த்தாள். பிறகு டாக்டரிடம் திரும்பினாள்.

"வலிக்குமா?"

"கொஞ்சம் வலிக்கும்."

"பரவாயில்ல, இழுங்க. அப்பாவுக்கு நான் சிரிச்சுக் காட்டணும்," என்று சாய்ந்து வாயைத் திறந்தாள்.